ஏரி முடிகிற இடம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து, பெங்களூர் ஏரிகளின் வரைபடம் ஒன்றை என் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தார்கள். வானத்திலிருந்து எடுத்த படமாம். ஏரி நீலம், நிலம் பழுப்பு. இரண்டுக்கும் நடுவே தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு.

"எவ்வளவு துல்லியம் பாருங்க சார்" என்றான் ஒருவன்.

பார்த்தேன். அந்தத் தலைமுடி அகலத்துக்குள்தான் தங்கவேலு மூழ்கினான்.

காபி ஆறிக்கொண்டிருந்ததால் அதை அப்போது சொல்லவில்லை. போகும்போது, "உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க சார், புதுசா சேருகிறவங்களுக்கு உதவும்" என்றார்கள். உதவுமா என்று தெரியாது. பயமுறுத்தும். எங்கள் வேலையில் பயமும் ஒரு கருவிதான். அரசாங்கம் கொடுக்காத ஒரே கருவி.

நான் வேலையில் சேர்ந்தது சுதந்திரம் வந்த அடுத்த வருடம். அப்பா, தாத்தா இருவரும் மைசூர் சமஸ்தானக் கச்சேரிகளில் உத்தியோகம் பார்த்தவர்கள். எங்களுக்கு வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், கோப்பில் ஆங்கிலம். தாவரவியலில் பட்டம் வாங்கிய என்னை உள்ளே உட்காரவைத்து, செடிகளைக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்து லத்தீனில் பெயர் எழுதச் சொன்னார்கள். சில வருடங்கள் அதைச் செய்தேன். செத்த செடி யாரையும் ஒன்றும் செய்யாது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

பிறகு, ஏரியோரச் செடிகளை எண்ணி ஏரியின் எல்லையைக் குறிக்கும் ஏரிப் பிரிவுக்கு மாற்றினார்கள். உயிருள்ள செடிகள் என்ன செய்யும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஏரி ஓரிடத்தில் முடிகிறது, நிலம் அங்கே தொடங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கரையிலிருந்து உள்ளே நடந்து பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில்லை. முதலில் அறுகு இருக்கும். கால் நனையத் தொடங்குகிற இடத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் வரும். அப்புறம் கோரை. அப்புறம் ஆளை மறைக்கும் சம்பு. அதற்கும் அப்பால் ஆகாயத்தாமரை, பிறகுதான் வெறும் தண்ணீர். இவையும் வரிசையில் நிற்பதில்லை. கோரை கரையேறி வரும், பொன்னாங்கண்ணி நீரில் இறங்கிப் போகும். நிலத்துக் கூட்டமும் நீர்க் கூட்டமும் கலந்து கிடக்கும் இந்த இடத்துக்குப் புத்தகத்தில் வாயில் நுழையாத ஒரு கிரேக்கப் பெயர் உண்டு. நாங்கள் இடைப்பட்டை என்போம். இரண்டு பக்கத்து உயிர்களும் வருவதால் அங்கே எல்லாமே அதிகம். தவளை அதிகம், குருவி அதிகம், இரண்டையும் தின்ன வருகிற பாம்பும் அதிகம்.

பாம்புக்கு நாங்கள் அவ்வளவாகப் பயப்படவில்லை. பயந்தது தரைக்கு.

பழைய ஏரிகளில் சம்பு வேரும் கோரை வேரும் பின்னிப் பின்னி, ஒரு கட்டத்தில் அடிமண்ணை விட்டுவிடும். பிறகு அந்தப் பின்னல் பாய் விரித்த மாதிரி தண்ணீர்மேல் மிதக்கும். பார்த்தால் பச்சை வயல் என்றுதான் தோன்றும். காலை வைத்தால் நாலு பக்கமும் மெல்ல ஆடும். தூரத்தில் நிற்கிற சம்புத் தட்டைகள் காற்றே இல்லாமல் தலையசைக்கும். பாயின் அடியில் ஆள் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர். அதற்குக் கீழே சேறு. எங்கள் இரும்புச் சலாகையை அந்தச் சேற்றில் விட்டால் எதிலும் இடிக்காமல் போய்க்கொண்டே இருக்கும். வெளியே எடுக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் குமிழி குமிழியாக வரும். அந்த நாற்றம் இன்றும் என் கனவில் வருகிறது. இத்தனை வருட உத்தியோகத்தில் எனக்கு மிஞ்சியவற்றில் அதுவும் ஒன்று.

பிரிவின் தலைவர் மூர்த்தி சார். கன்னடக்காரர், எங்களோடு தமிழிலேயே பேசுவார், எல்லோரையும் மரியாதையாக 'அவ்ரே' போட்டு அழைப்பார், தங்கவேலு உட்பட. எங்கள் ஆபீசில் ஒரு கடைநிலை ஊழியனை யாரும் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. குரலை உயர்த்த மாட்டார். கரைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி ஒரு மரத்தடியில் வைப்பார். இரண்டின் மூக்கும் ஊரைப் பார்த்திருக்கும். திரும்பி வந்தால் போட்டுக்கொண்டு நேரே நடக்கலாம் என்பார். 'திரும்பி வந்தால்' என்பதை அவர் சொல்லும் விதத்தில், அந்தக் காலத்தில் ஏரியைவிட அவரிடம்தான் எனக்குப் பயம் அதிகம். அவருக்கும் பயம் இருந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. மற்ற அதிகாரிகள் பயத்தை அதட்டலாக மாற்றி எங்களிடம் கொடுப்பார்கள். இவர் விதிகளாக மாற்றிக் கொடுத்தார்.

விதிகள் இவை. முன்னால் போகிறவன் பலகைமேல் குப்புறப் படுத்துத்தான் போகவேண்டும். அவன் அக்குளில் கயிறு. மரச்சட்டத்தைச் செடிகள்மேல் வைத்து, சட்டத்துக்குள் இருப்பதை எண்ணி உரக்கச் சொல்லவேண்டும். நடுவில் இன்னொரு பலகையில் இருப்பவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். கரையில் இருப்பவர் எழுதிக்கொள்வார். கயிற்றின் கடைசி முனை மரத்தில் கட்டியிருக்கும். சம்புக்குள் முன்னால் போனவனை யாரும் பார்க்க முடியாது. அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவன் குரல் மட்டுமே சான்று. அதனால் எண்ண ஒன்றும் இல்லாத இடத்திலும் வாயை மூடக்கூடாது.

முன்னால் போகிறவன் தங்கவேலு. அல்சூர்க்காரன், என் வயது, உடம்பில் எடையே கிடையாது. வாய் மட்டும் கனம். அவன் எண்ணிச் சொல்வதை அப்படியே திருப்பிச் சொன்னால் எனக்கு வேலை போய்விடும்.

"கோரை பன்னெண்டு, சம்பு நாலு, அட்டை ஒண்ணு சார், அது என் தொடைல."

"கோரை பன்னிரண்டு, சம்பு நான்கு" என்பேன் நான்.

"அட்டைய உட்டுட்டீங்களே சார், அதுவும் கவர்மெண்ட் அட்டைதானே!"

கரையிலிருந்து உள்ளே நேராக எண்ணிக்கொண்டு போகும் வழியைக் கோடு என்போம். ஒவ்வொரு கோட்டையும் தொடங்குமுன் மூர்த்தி சார் எங்களிடம் விதிகளைக் கேட்பார். பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒப்பிக்கவேண்டும்.

"சுந்தரம் அவ்ரே, குரல் நின்றால்?"

"மூன்று தடவை கூப்பிடுவது" என்பேன் நான்.

"பதில் வரவில்லை?"

"இழுப்பது."

இந்த விதிக்கு ஒரு கதை உண்டு. முன்பொரு கோடையில் முன்னால் போன ஊழியர் ஒருவர் வெயிலில் மயங்கிப் பலகைமேலேயே கிடந்தார். வேலை முடித்து இளைப்பாறுகிறார் என்று மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை பிழைத்தார். மறுநாளே மூர்த்தி சார் அந்த விதியை எழுதினார். அந்த மனிதருக்கு அது சரியான விதி. ஒரு விபத்துக்காகத் தைத்த சட்டை அடுத்த விபத்துக்குச் சேரும் என்று எங்கள் இலாகாவில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஐம்பதுகளின் பின்பாதி. ஊர் வீங்கத் தொடங்கியிருந்தது. ஈஜிபுராவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி. அதன் ஓரத்தில் தொழிலாளர்களுக்கு வீட்டுமனை போட முடிவாகியிருந்தது. மனைக்காரர்களின் என்ஜினீயர் ஒருவர் ஜீப்பில் வந்து, இறங்காமலே கேட்டார்.

"ஏரி எங்கே முடியுது? அதைச் சொல்லுங்க போதும்."

"ஓரிடத்தில் முடிவதில்லை" என்றார் மூர்த்தி சார். "இரண்டு கோடு போட்டுத் தருகிறேன். நடுவில் கட்டவேண்டாம்."

"ரெண்டு கோடு போட்டா எந்தக் கோடுன்னு மேல கேப்பாங்க சார். ஒண்ணு கொடுங்க."

ஜீப் போனது. நாங்கள் கயிற்றை எடுத்தோம்.

மழைக்காலம் முடிந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்த காலை. ஏரி நிறைந்து பாய் மேலேறியிருந்தது. கரையில் ஒரு பெரிய புங்கமரம். அதில் கயிற்றைக் கட்டிவிட்டு மூர்த்தி சார் அடியில் உட்கார்ந்தார். நான் கோரைக்கும் சம்புக்கும் நடுவில் என் பலகையில் முழங்காலிட்டிருந்தேன். எனக்கு முன்னால் சம்பு, சுவர் மாதிரி. தங்கவேலு அதற்குள் நுழைந்ததும் தட்டைகள் அவன் பின்னால் மூடிக்கொண்டன. பிறகு குரல்தான்.

"சம்பு ஏழு, கோரை மூணு... சம்பு ஒம்போது... பேஜாரா இருக்கு சார், ஒரே சம்பு... சம்பு பதினொண்ணு."

நான் திருப்பிச் சொன்னேன். பலகை என் முழங்காலுக்கடியில் மூச்சுவிடுவது மாதிரி ஏறி இறங்கியது. அதற்குப் பழகவே முடியாது. பழகிவிட்டதாகச் சொன்னவர்கள் மாற்றல் கேட்டுப் போனவர்கள்தான்.

"சம்பு ரெண்டு..." குரல் நின்று, பிறகு வேறு தொனியில் வந்தது. "சார். அறுகு."

"என்ன?"

"அறுகு சார். அறுகம்புல்லு."

அறுகு கரையில், எங்களுக்குப் பின்னால் எப்போதோ முடிந்துவிட்டது. "தூங்கி எழுந்தாயா?" என்றேன்.

"சாமி சத்தியமா சார். புள்ளையாருக்கு மாலை கட்ற அளவுக்கு இருக்கு. மேடு சார் இது. காஞ்ச மண்ணு. குஷியா இருக்கு!"

ஏரிக்குள் மேடுகள் உண்டு. அறுகு இருந்தால் அடியில் கெட்டி நிலம் என்பதும் எங்கள் தொழிலில் பாலபாடம். கோட்டின் கரைமுனையை நாங்கள் தீர்மானிப்பதே அறுகை வைத்துத்தான். வேறு யாராக இருந்தாலும் அந்தப் புல்லை மிதித்துப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பான். புல்லைப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் தங்கவேலு சந்தேகப்படவில்லை. பலகையை விட்டு எழுந்து அதன்மேல் நின்றிருக்கிறான்.

"அறுகு" என்று கரைக்குத் திருப்பிச் சொன்னேன்.

"இருக்க முடியாது" என்றார் மூர்த்தி சார். எப்போதும்போல மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் எழுந்து நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. "படுக்கச் சொல்லுங்கள்."

சொல்வதற்குள் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. ஈரத்துணியைக் கிழிப்பது மாதிரி. சம்புத் தட்டைகள் எல்லாம் ஒருமுறை என் பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. தவளைகள்கூட நின்றுவிட்டன.

கூப்பிட்டேன். மூன்று தடவை. கூப்பிட்ட குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பதில் இல்லை. விதிப்படி இழுத்தேன்.

கயிறு கொஞ்சம் வந்தது. பிறகு நின்றது. மறுபடி இழுத்தேன். என் பலகைக்கு முன்னாலிருந்த பாய் மெல்ல உப்பியது. அடியில் எதுவோ முட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது முட்டுகிறது என்று புரிந்ததும் கரையைப் பார்த்துக் கத்தினேன்.

"சார்! வரமாட்டேங்குது!"

"கயிறு எப்படிப் போகிறது, சுந்தரம் அவ்ரே? பாய்க்கு மேலேயா, கீழேயா?"

"கீழே. கீழே போகுது சார்."

"அப்படியானால் விடுங்கள்."

நான் விடவில்லை. அந்தக் கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதன் இருந்தான். அதை விடுவதற்கு எந்த விதியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இன்னும் இறுக்கித்தான் பிடித்தேன்.

"அவர் விழுந்த ஓட்டை அங்கே இருக்கிறது" என்றார் மூர்த்தி சார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "நீங்கள் இழுக்க இழுக்க அதிலிருந்து விலக்கிப் பாய்க்கடியில் கொண்டுவருகிறீர்கள். அவர் தலைக்குமேல் மூடி இருக்கிறது. கையை விரியுங்கள். தளர்த்தினால்தான் அவரால் திரும்பிப் போகமுடியும்."

இப்படி எழுதும்போது எல்லாம் நியாயமாகத் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விட்டுவிட்டு அவன் வரவில்லையென்றால், விட்டது என் கை. என் விரல்களை நான் பார்த்தேன். அவை திறக்கவில்லை. கட்டைவிரலை முதலில், அப்புறம் ஒவ்வொன்றாக, யாருடையதோ மாதிரி பிரிக்கவேண்டியிருந்தது. கயிறு என் உள்ளங்கையிலிருந்து நழுவிச் சம்புக்குள் போனது. அதுவாகப் போனதா, அவன் இழுத்துக்கொண்டு போனானா என்று தெரியவில்லை. பிறகு அதுவும் நின்றது.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கடிகாரம் பார்த்தவன் யாரும் அங்கே இல்லை. கரையில் மூர்த்தி சார் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. சுலோகம் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். நாங்கள் அன்று சொன்ன எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: சம்பு ஏழு, கோரை மூன்று, சம்பு ஒன்பது, சம்பு பதினொன்று.

சம்புக்குள் யாரோ வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இருமல். அப்புறம் அந்தக் குரல்.

"எந்த நாயிடா இழுத்தது?"

எனக்கு அந்த உத்தியோகத்தில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

மற்றதெல்லாம் வேலை. அவன் ஓட்டையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கிடக்க, நான் குப்புறப் படுத்து என் பலகையைத் தள்ளித் தள்ளி அவனிடம் போனேன். கரைக்கு வந்ததும் அவனுக்குப் பல் கிட்டிக்கொண்டது. மூர்த்தி சார் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார்.

"உள்ள இருட்டு சார்" என்றான் தங்கவேலு, பேச்சு வந்ததும். "மேல கையவெச்சா வேரு. எங்க வெச்சாலும் வேரு. ஒரு எடத்துல மட்டும் தட்டு அளவுக்கு வெளிச்சம். அதப் பாத்துப் போனா, இவரு பின்னால இழுக்கறாரு. போனா, இழுக்கறாரு. எனக்கு எமன் சார் இவரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு நிற்காமல் போய், அழுகையாக மாறிற்று. நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

அந்த அறுகு எப்படி வந்தது என்பதை மூர்த்தி சார் பிறகு பரிசல் வைத்துப் போய்ப் பார்த்தார். மழை வெள்ளத்தில் கரையின் ஒரு துண்டு புல்லோடு பெயர்ந்து, மிதந்து போய், பாயில் சிக்கிக்கொண்டிருந்தது. நிலமே எழுந்து போய் ஏரியில் குடியிருந்தது. "இடைப்பட்டையில் எந்தச் செடியும் சாட்சி சொல்லாது" என்றார். விதியையும் திருத்தினார்: குரல் நின்றால் முதலில் கயிறு போகும் திசையைப் பார், மேலே போனால் இழு, கீழே போனால் விடு. புதிதாகச் சேருகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் படித்தாலும் போதும்.

அறிக்கையில் இரண்டு கோடுகள் போட்டார். மனை அலுவலகம் தண்ணீரை ஒட்டியிருந்த கோட்டை எடுத்துக்கொண்டது. இன்னொன்றைப் பற்றி யாரும் பேசவில்லை. லாரி லாரியாகச் செம்மண் கொட்டினார்கள். பாய் அமுங்கியது. மேலே தெருக்கள் வந்தன. மனைகளைக் குலுக்கல் போட்டார்கள், அதில் தங்கவேலுவுக்கும் ஒன்று விழுந்தது. குலுக்கலுக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டு என்று அதுவரை நான் நினைத்ததில்லை. புங்கமரத்தை விட்டுவைத்திருந்தார்கள். அதனடியில் நின்று நானும் அவனும் மனையைப் பார்த்தோம். அன்று கயிறு போன திசையில்தான் இருந்தது.

"வேண்டாம் என்று எழுதிக் கொடு" என்றேன். "வேறு இடம் கேட்போம்."

"அல்சூர்ல ஒரே ரூம்ல எட்டு பேரு படுக்கறோம் சார். வேற எடம் எப்ப கொடுப்பான்? எம் பசங்க கல்யாணத்துக்கா?" மண்ணை மிதித்துப் பார்த்தான். ஆடவில்லை. "ஒரு தடவ உட்டுச்சி இல்ல. தெரிஞ்ச எடம் சார்."

அங்கேயே கட்டினான். ஓய்வுபெற்ற பின்னும் அங்கேதான் இருக்கிறான். மூர்த்தி சார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. நான் எப்போதாவது அந்தப் பக்கம் போனால் அவன் வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருவேன். சுவர்கள் இடுப்பளவுக்கு எப்போதும் ஈரம். சுண்ணாம்பு நிற்பதில்லை. அவன் மனைவி சரோஜாவுக்கு அதைவிடப் பெரிய குறை வேறு.

"வெளியில போனா வாயத் தொறக்க மாட்டாரு சார். ஊட்டுக்குள்ள நொழஞ்சா நிறுத்தவே மாட்டாரு. குளிக்கும்போதுகூடப் பேசறாரு. யாருகிட்டதான் பேசறாரு?"

நான் சுவரின் ஈரத்தைப் பார்ப்பேன்.

வரைபடம் பார்த்ததற்கு அடுத்த வாரம் போயிருந்தேன். ஒரு வாரமாக மழை. சரோஜா அடுப்படியில் இருந்தாள். தங்கவேலு கொல்லைப்பக்கம் போனான். பேச்சு மட்டும் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. முனிசிபாலிட்டிக்காரனைத் திட்டினான், மருமகனைத் திட்டினான், வெங்காய விலையைத் திட்டினான். பிறகு நின்றுவிட்டது.

அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது.

"தங்கவேலு" என்றேன். பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டேன். என் வலது கை மடிமேல் இறுக மூடியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. கட்டைவிரலை முதலில், அப்புறம் ஒவ்வொன்றாக, விரல்களைப் பிரித்துக் கையை விரித்து வைத்தேன்.

"சார்" என்றது கொல்லையிலிருந்து குரல். மெதுவாக, பழைய ஒழுங்கோடு. "செவுத்துக்கு உள்பக்கம், சிமெண்டு வெடிச்ச எடத்துல. கோரை, ஒண்ணு."

"கோரை, ஒன்று" என்று திருப்பிச் சொன்னேன். எழுதிக்கொள்ளக் கரையில் யாரும் இல்லை.